சந்தனம் பூசிய நாற்பத்து மூன்று குழாய்கள்

கடல் இல்லாத ஒரகடத்தில் கடல் குழாய்க்கு என்ன வேலை என்று முதல் நாள் நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் எனக்கு அறை கொடுத்த வீட்டுக்காரம்மாள், நான் ஓய்வு பெறும்வரை கார் கம்பெனியில் வேலை பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை விளக்கிப் பார்த்தேன்.

"கடல்ல கெடக்கற பைப்ப எடுத்தாந்து இங்க இன்னா பண்றீங்க?"

"கழுவி, சோதிச்சு, வெட்டி, உருக்க அனுப்புதோம்."

"அத்த கடல்லயே வுட்டா யாருக்கு இன்னா வந்துச்சு?"

பெரிய படிப்புப் படித்தவர்களும் கூட்டம் போட்டு இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்காரம்மாளாவது பதிலுக்குக் காத்திருக்காமல் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எண்ணெய், எரிவாயுக் குழாய்களை ஆயுள் முடிந்ததும் கடலடியிலிருந்து எப்படி எடுப்பது, எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. படித்தால் தூக்கம் வரும், ஆனாலும் படியுங்கள். நான் எழுதப்போவது கையேட்டில் இல்லாத ஒன்று. என் பிழையில் தொடங்கியது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நம் யார்டில் என் வேலை கிளியரன்ஸ். இந்தக் குழாயை வெட்டலாம், இதை வெட்டக்கூடாது என்று கையெழுத்துப் போடுகிற ஆள். வேலையை நிறுத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவளோடு உட்கார்ந்து சாப்பிட யாருக்கு மனசு வரும்? சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு லோடை நிறுத்தினேன். அன்று கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்ததும், அந்த மேஜையில் இருந்த நான்கு பேரும் சொல்லிவைத்தாற்போல் கை கழுவ எழுந்தார்கள். இரண்டு பேர் தட்டில் சோறு பாதி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காகத் தனியாகத்தான் சாப்பிட்டேன். எனக்கு அது பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகவே இல்லை.

அப்புறம் பரணி வந்தான். பென்னலூர்க்காரன், கேஸ் நெருப்பால் இரும்பை வெட்டும் கட்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். காண்டிராக்ட் ஆள். அவன் குடும்ப நிலம் போன இடத்தில் இப்போது ஒரு கோடவுன் நிற்கிறது. அதைச் சொல்லும்போதுகூட, "எங்க நெலத்துல இப்ப ஏசி ஓடுது மேடம்" என்று சிரிப்பான். வந்த முதல் வாரமே தட்டைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தான். யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். "அந்த அம்மா கூட குந்தாதன்னானுங்க. இன்னா, கடிப்பீங்களா?" என்று கேட்டான். அன்றிலிருந்து மூன்று வருடம் மதியச் சாப்பாடு அவனோடுதான். அவன் மனைவி வைக்கும் கருவாட்டுக் குழம்பைக் குறை சொல்லிச் சொல்லியே காலி செய்வேன். தூத்துக்குடிக்காரிக்குக் கருவாட்டில் குறை சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இனி பாதரசம். எரிவாயுவோடு சில கிணறுகளில் துளித்துளியாகப் பாதரசமும் வரும். ஆண்டுக்கணக்கில் அது குழாயின் உள்சுவர் இரும்பில் ஊறிவிடும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. அப்படிப்பட்ட குழாயில் கேஸ் கட்டர் நெருப்பை வைத்தால் பாதரசம் ஆவியாகி வெளியே வரும். வாசனை கிடையாது, புகை கிடையாது. வெட்டுகிறவன் அதை மூச்சோடு இழுத்துக்கொண்டு அடுத்த வெட்டுக்குப் போவான். கை நடுக்கமும் மறதியும் பிறகுதான் வரும். அதனால் அந்தக் குழாய்களை ரம்பம் வைத்து, தண்ணீர் விட்டு, சூடேறாமல் அறுக்க வேண்டும். எது அந்தக் குழாய், எது இல்லை என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் நாற்பத்து மூன்று குழாய்கள் யார்டில் இருந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் வரிசை எண் போட்டு, சுரண்டி எடுத்த மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தோம். விடுமுறைக்கு முந்தைய நாள் பிற்பகலில் முடிவு வந்தது. ஒன்பது குழாய்களில் பாதரசம். முடிவு வந்த அன்றே எண் பொறித்த அலுமினியத் தகட்டைக் குழாயில் கம்பியால் கட்டிவிட வேண்டும் என்பது விதி. தகடு பொறிக்கிற ஆள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் சாயங்காலம் தூத்துக்குடி பஸ். பண்டிகைக் கூட்டத்தில் அடித்துப் பிடித்து வாங்கிய ஒரே சீட்டு. அம்மா படுக்கையில் இருந்தாள்.

நானே பொறித்திருக்கலாம். ஒன்பது தகடுக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று, ஒன்பது குழாய்களிலும் சாக்பீஸால் 'தீ வேண்டாம்' என்று பெரிதாக எழுதிவிட்டு ஓடினேன். எண்களை என் நோட்டில் குறித்துக்கொண்டேன். நோட்டு பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம்.

விடுமுறை முடிந்து காலையில் வந்தேன். யார்டு என் கண்ணைக் கூசவைத்தது. நாற்பத்து மூன்று குழாய்களும் கழுவித் துடைத்து, இம்மி பிசகாமல் ஒரே வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். நடைபாதையில் பூசணிக்காய்த் துண்டுகள் காய்ந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே பரணி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"எப்டி கீது மேடம்?" என்றான். "மேனேஜர் ஒரு மூலை வுடாம கழுவச் சொன்னாரு. அவரு வூட்டுக்காரம்மால்லாம் பூஜைக்கு வந்தாங்கல்ல. ஹைட்ரா கிரேன் வெச்சு எல்லாத்தையும் தூக்கி, அடில கூட கழுவிட்டேன்."

சாக்பீஸ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எண்ணும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. கிரேனால் தூக்கி அடுக்கியதில் பழைய வரிசையும் இல்லை. என் நோட்டில் ஒன்பது எண்கள் இருந்தன. அந்த எண்ணுக்குரிய குழாய் எது என்று சொல்ல யார்டில் எதுவும் இல்லை. குழாய்களின் இரு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருந்ததால் தண்ணீர் உள்ளே போய்ப் பாதரசத்தோடு வெளியே ஓடவில்லை. அந்த மட்டும் பிழைத்தோம்.

என் முகத்தைப் பார்த்தே அவனுக்கு விளங்கியது. அவன் சிரிப்பு மெல்ல மெல்லப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எழுதி வெச்சிருந்தீங்களா?"

"எழுதியிருந்தேன்."

"சாக்பீஸ்லயா?"

"ஆமா."

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் இன்னும் வரவில்லை. அபாயக் குறியை அழித்த காண்டிராக்ட் ஆளுக்குக் கேட் பாஸ் ரத்து. அது எழுதி ஒட்டப்பட்ட விதி, அவனுக்கும் தெரியும். குரலைத் தாழ்த்தினான். "ஒனக்குத் தெரியும்தான்" என்று அவன் என்னிடம் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். அவனுக்கே அது தெரிந்திருக்காது. "ஒவ்வொரு பைப்பையும் மூஞ்ச பாத்தே சொல்லுவீங்களே மேடம். திரும்ப எழுதிடுங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல. நான்தான வெட்டப் போறேன்? எனக்கு பயம் இல்ல."

அவன் சொன்னது பொய்யில்லை. மூன்று வாரம் அந்தக் குழாய்களோடு கிடந்திருக்கிறேன். ஒன்றில் நங்கூரம் உரசிய தழும்பு. ஒன்றில் வெல்டிங் தையல் கோணலாக இருக்கும். ஒன்றின் பக்கவாட்டில் சிப்பி ஒட்டியிருந்த வட்டங்கள், அம்மைத் தழும்பு மாதிரி. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். ஏன் நடந்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் போய்விட்டால் நாளைக்கு மதியம் என் எதிரில் யாரும் உட்கார மாட்டார்கள். அதை மட்டும்தான் நினைத்தேன். பாதுகாப்பு, பொறுப்பு என்று நான் வகுப்பெடுக்கும் சொற்களில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதலாவதை எழுதினேன். சந்தேகமே இல்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதில் நின்றேன். ஒரே மாதிரி நசுங்கிய இரண்டு குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று பதினேழாம் எண், இன்னொன்று இருபத்தாறு. பாதரசம் பதினேழில். எது பதினேழு? குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பரணி மூச்சுவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இடதுபக்கம் இருந்ததுதான் என்று தோன்றியது. எழுதினேன். மீதி மூன்றையும் எழுதி முடித்தேன்.

முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒன்பது குழாயிலும் என் கையெழுத்து ஒரே மாதிரி இருந்தது. உறுதியாகத் தெரிந்த எட்டிலும், தோன்றியதை வைத்து எழுதிய ஒன்றிலும், அதே பெரிய எழுத்து, அதே அழுத்தம். எதை அறிந்து எழுதினேன், எதை ஊகித்து எழுதினேன் என்று இனி எவராலும் பிரிக்க முடியாது. ஒரு வாரம் போனால் என்னாலேயே முடியாது. ஒன்றில் தோன்றியதை நம்பியவள், மற்ற எட்டையும் அறிந்துதான் எழுதினேன் என்று எதை வைத்துச் சொல்வேன்? பத்து மணிக்கு பரணி இதை நம்பித்தான் நெருப்பு வைக்கப் போகிறான்.

எந்த ஒன்பதில் எழுதினேன் என்று, இடத்தை மட்டும் அவன் கண்ணில் படாமல் ஒரு துண்டுத் தாளில் குறித்துப் பர்ஸில் வைத்தேன். பிறகு அவன் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி ஒவ்வொன்றாக அழித்தேன். சந்தனமும் சேர்ந்து போனது.

"வாணாம் மேடம்" என்றான். இரண்டாவதை அழிக்கும்போது மறுபடியும் "வாணாம்" என்றான்.

மேனேஜர் அறைக்குப் போனேன். அவருக்கும் அன்று நெருக்கடிதான். துறைமுகத்திலிருந்து அடுத்த லோடோடு நான்கு டிரெய்லர்கள் வந்து வல்லம் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தன. யார்டு காலியானால்தான் அவை உள்ளே வர முடியும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்னு நெனைக்கேன் சார்."

"அப்ப எழுதுங்க."

"நெனைக்கேன்னு பைப்ல எழுத முடியாது சார். தெரியும்னுதான் எழுத முடியும்."

"இருபது வருஷ அனுபவம்ங்கறீங்க. இதுக்குக்கூட உதவலன்னா அது எதுக்கு?"

நாற்பத்து மூன்றையும் நிறுத்திவைக்கிறேன், எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். தகடு கட்டாமல் சாக்பீஸில் விட்டது நான். முழு யார்டையும் கழுவச் சொன்னது மேனேஜர். கழுவியது பரணி. மூன்று பேர் பெயரையும் எழுதினால் பழி மூன்றாகப் பிரியும் என்று நினைத்தேன். இத்தனை வயதுக்கு அது எவ்வளவு அசட்டு எண்ணம் பாருங்கள். மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. பரணிக்கு வாசலைக் காட்டினார்கள்.

அவனுக்காகப் பேசினேன். இரண்டு முறை ஹெச்.ஆரில் போய் நின்றேன், ஒரு கடிதமும் கொடுத்தேன். முதல் தவறு என்னுடையது, அவன் சொன்னதைச் செய்தவன் என்று எழுதினேன். அவனை அனுப்பினால் நானும் போகிறேன் என்று மட்டும் எழுதவில்லை. அம்மாவின் மருந்துச் செலவு இருந்தது என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். இருந்தது உண்மைதான். பயமும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்னலூருக்கு அவன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் மனைவி வாசலுக்கு வந்து, "அவரு வெளிய போயிருக்காரு" என்றாள். அவன் பைக் பக்கத்திலேயே நின்றது. செருப்பும் கிடந்தது. "நான் வந்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, வெயிலில் மெயின் ரோடு வரை நடந்தே வந்தேன்.

ஐந்து வாரம் கழித்து மறுசோதனை முடிவு வந்தது. இந்த முறை தகடுகளை நானே பொறித்து, முடிவு வரும் முன்பே எல்லாக் குழாயிலும் கட்டியிருந்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பர்ஸிலிருந்த துண்டுத் தாளை எடுத்து முடிவோடு ஒப்பிட்டேன். ஒன்பதும் சரி. இடதுபக்கம் இருந்ததுதான் பதினேழு. நான் அன்று எழுதியதை அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பரணி முப்பத்து நான்கு நல்ல குழாய்களை வெட்டிவிட்டு, மதியம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான்.

ஒன்றாவது தவறியிருக்கக்கூடாதா என்று அன்று ஏங்கினேன். என் ஊகம் தவறாக இருக்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். தாளைக் கிழித்துப் போட்டேன். அப்படி ஒரு தாள் இருந்ததே யாருக்கும் தெரியாது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊகித்ததை அறிந்தது போல் எழுதாதீர்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தியது சரிதான் என்று பின்னால் ஏதாவது வந்து உங்கள் முதுகைத் தட்டிக்கொடுக்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பல நேரம் வராது. சில நேரம், நிறுத்தியிருக்கவே வேண்டாமே என்று எதிராகக்கூடச் சாட்சி சொல்லும். அப்போதும் நிறுத்தியது சரிதான். மனசுதான் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், பி.எஃப். வேலையாக ஒரகடம் போய்விட்டு ஸ்ரீபெரும்புதூர் டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் விடாத நேரம். பஸ்ஸில் பாதி காலி. அவ்வளவு காலி சீட் இருக்கும்போது ஒரு ஆள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பரணி. காதோரம் நரைத்திருந்தது. ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறானாம்.

"நல்லாகீறீங்களா மேடம்?"

"இருக்கேன். வீட்ல எல்லாரும் சொகமா?"

"இருக்காங்க. பெரியவ காலேஜ் போவுது." முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, பல நாளாகக் கேட்க வைத்திருந்தவன் போலக் கேட்டான். "அந்த பைப்புங்கள மறுபடி டெஸ்ட்டுக்கு அனுப்புனீங்களே. இன்னா வந்துச்சு?"

ஒரு பொய் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒண்ணு தப்பிப் போச்சு பரணி, அதை நீ வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா. இவ்வளவு சொன்னால் போதும். வேலை போனாலும் உயிர் தப்பியது என்று அவன் என்னை மன்னித்துவிடுவான். வீட்டுக்கு வாங்க மேடம் என்றுகூடச் சொல்வான். அந்தத் தாளைப் பார்த்தவர் யாரும் இல்லை.

"ஒம்பதும் சரிதான்" என்றேன். "அன்னைக்கு நான் எழுதினபடியேதான் இருந்துச்சு."

"அந்த ஒண்ணு? ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தீங்களே, குனிஞ்சு குனிஞ்சு பாத்துகினு?"

"அதுவும்."

தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

"அது ஒண்ணு தப்பாதான் இருந்திருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம்" என்றான். "வேல போனாலும் பரவால்ல, அந்தம்மா நம்ம உசுர காப்பாத்திருக்குன்னு. எம் பொண்டாட்டி கிட்ட கூட அப்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

பென்னலூர் வந்தது. "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.